யூரோவிஷன் பாட்டைக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஜமாலாவின் ‘1944’ஐ வைத்துச் சில குறிப்புகள்

ஒரு நாட்டின் சார்பில் ஒரு பாட்டு மேடையேறுகிறது என்றதும் கொடி, வீரம், மண்ணின் பெருமை என்றுதான் மனம் போகும். ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் ஆளுக்கொரு பாட்டோடு மோதும் தொலைக்காட்சிப் பாட்டுப்போட்டியான யூரோவிஷனுக்கு அந்த எதிர்பார்ப்போடு போனால் முதல் பாட்டிலேயே ஏமாற்றம்தான். 2016 மே 14 அன்று ஸ்டாக்ஹோமில் உக்ரைனுக்காக ஜமாலா பாடி வென்ற ‘1944’ பாட்டில் உக்ரைன் என்ற பெயரே வராது. அது அவருடைய கொள்ளுப்பாட்டியின் கதை.

ஜமாலா கிரிமியத் தாத்தார் இனத்தவர்; கருங்கடலோரத்துக் கிரிமியத் தீபகற்பத்தின் பூர்வகுடிகள் அவர்கள். 1944 மே 18 விடியற்காலையில் அவர்களின் வீட்டுக் கதவுகளை ஸ்டாலினின் ஆட்கள் தட்டினார்கள். நாஜிகளுக்குத் துணைபோனார்கள் என்று ஓர் இனத்தின் மீதே பழி. சில நாட்களுக்குள் 1,80,000க்கும் மேற்பட்டவர்களைச் சரக்கு ரயில்களில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது உஸ்பெகிஸ்தானுக்கு. வழியிலும், போன இடத்திலும் செத்தவர்கள் ஏராளம். ஜமாலாவின் கொள்ளுப்பாட்டி நசில்கானும் பிள்ளைகளோடு அந்த ரயிலில் இருந்தார். கணவரோ அப்போது சோவியத் படையில் போர்முனையில் இருந்தார். மகள் ரயிலிலேயே இறந்துபோனாள். ஜமாலா பிறந்ததும் கிரிமியாவில் இல்லை, 1983ல் கிர்கிஸ்தானின் ஓஷ் நகரத்தில். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் தலைப்பு ஏன் வெறும் ஆண்டாக நிற்கிறது என்பது புரியும்.

அடுத்த தவறு, நாட்டின் பெயரைப் பார்த்து மொழியை முடிவுசெய்வது. முதல் தடவை கேட்டபோது பல்லவி உக்ரைனிய மொழியில் இருப்பதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். அது கிரிமியத் தாத்தார் மொழி. உக்ரைனியம் ஸ்லாவியக் குடும்பம்; இது துருக்கிய மொழிக்கு உறவு. யூரோவிஷன் மேடையில் அந்த மொழி ஒலித்தது அதுவே முதல்முறை. சரணங்கள் ஆங்கிலத்தில் இருக்கும். பல்லவி மட்டும் ஒரு பழைய கிரிமியத் தாத்தார் நாட்டுப்பாட்டின் வரிகளிலிருந்து வந்தது. என் இளமையை ஆசைதீர வாழ முடியவில்லையே, இந்த மண்ணில் வாழ முடியவில்லையே என்பது அதன் சாரம். அந்த ‘ஆசைதீர’ என்ற இடத்தில் வருவது, வயிறு நிறைந்தது என்று சொல்லவும் பயன்படும் வினைச்சொல். பசியும் ஏக்கமும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. எனக்கு இந்தப் பாட்டில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஒலிப்பதிவை மட்டும் கேட்டுவிட்டு, “இதற்கா பரிசு?” என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். யூரோவிஷனில் பரிசு அன்று மேடையில் நடந்ததற்குத்தான். 1999 முதல் அங்கே இசைக்குழு கிடையாது, வாத்திய இசை பதிவிலிருந்துதான் வரும். குரல் மட்டும் நேரடி. பின்னணிக் குரல்களைப் பதிவாகப் போடலாம் என்ற சலுகைகூட 2021ல்தான் வந்தது. பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டக்கூடாது, மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக்கூடாது. ஜமாலா தனியாகவே நின்றார். டுடுக் என்ற ஆர்மீனியக் குழலின் அழுகுரல் அடியில் ஓட, கடைசிப் பகுதியில் சொற்களை விட்டுவிட்டு வெறும் குரலை மேலே மேலே ஏற்றினார். ஒப்பாரிக்கும் பாட்டுக்கும் நடுவில் நிற்கிற குரல் அது. அந்த நேரடி நிகழ்ச்சியைப் பார்க்காமல் இந்தப் பாட்டைப் பற்றிக் கருத்துச் சொல்வது நியாயமில்லை.

சரி, அரசியல் பாட்டுக்கு அங்கே தடை உண்டே, இது எப்படி நுழைந்தது? நுழைந்துவிட்டது என்பதற்காக ‘விதியே பொய்’ என்று சொல்வதும் தவறு, ‘இது வெறும் வரலாறு’ என்று முடித்துவிடுவதும் தவறு. தலைப்பிலும் வரிகளிலும் அரசியல் பேச்சு இல்லை என்று சொல்லி, போட்டியை நடத்துகிற ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் அனுமதித்தது. 2009ல் மாஸ்கோவில் போட்டி நடந்தபோது, புதினின் பெயரைச் சொல்விளையாட்டாக வைத்த ஜார்ஜியாவின் பாட்டை மாற்றச் சொன்னதும் அதே ஒன்றியம்தான். ஜார்ஜியா மறுத்து விலகிக்கொண்டது. ‘1944’ல் எந்தத் தலைவரின் பெயரும் இல்லை. ஆனாலும் 2014ல் ரஷ்யா உக்ரைனிடமிருந்து கிரிமியாவைக் கைப்பற்றி இரண்டே ஆண்டு ஆகியிருந்தது. கேட்டவர்கள் யாரும் அதை மறந்துவிட்டுக் கேட்டிருக்க முடியாது.

இன்னொரு சர்ச்சையும் கிளம்பியது. முந்தைய ஆண்டு செப்டம்பர் 1க்கு முன் வெளியான பாட்டு போட்டிக்குத் தகுதியில்லை. 2015 மே மாதமே ஒரு சிறிய கச்சேரியில் ஜமாலா இதைப் பாடிய காட்சி இணையத்தில் இருந்தது. வணிக வெளியீடு வேறு, கச்சேரியில் பாடிப் பார்ப்பது வேறு என்று ஒன்றியம் விட்டுவிட்டது.

எல்லாவற்றையும்விட அதிகமாகப் பார்க்கிற தவறு, “அக்கம்பக்கத்து நாடுகள் மாற்றிமாற்றிப் போட்டுக்கொள்கிற ஓட்டு” என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவது. அண்டை நாட்டுப் பாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த இரவின் கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு நாட்டின் நடுவர் குழுவும் நேயர்களும் தனித்தனியாகப் புள்ளி தருவார்கள்; இரண்டையும் கூட்டித்தான் வெற்றி. நடுவர் குழுக்களிடம் முதலிடம் ஆஸ்திரேலியாவின் டாமி இம்முக்கு, 320 புள்ளிகள். நேயர் வாக்கில் முதலிடம் ரஷ்யாவின் செர்கேய் லாசரேவுக்கு, 361. ஜமாலா இரண்டிலும் இரண்டாவதுதான்: 211, 323. கூட்டினால் 534. டாமி இம் 511, லாசரேவ் 491. எந்தப் பட்டியலிலும் முதலில் வராதவர் கோப்பையை வாங்கினார். நேயர் வாக்கில் உக்ரைன் மக்கள் ரஷ்யாவுக்குக் கொடுத்தது 12, அதாவது உச்சப் புள்ளி. ரஷ்ய மக்கள் உக்ரைனுக்குக் கொடுத்தது 10. கிரிமியா கைமாறி இரண்டு வருடத்தில் இது நடந்தது! அதே நேரம் இரு நாட்டு நடுவர்களும் ஒருவருக்கொருவர் ஒரு புள்ளிகூடத் தரவில்லை. ‘நாடு ஓட்டுப் போட்டது’ என்று எழுதுவதற்கு முன் எந்த ஓட்டு என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

பாடகர் அந்த நாட்டுக்காரராக இருக்கவேண்டும் என்ற நம்பிக்கையும் சரியில்லை. கனடாவின் செலீன் டியோன் 1988ல் வென்றது சுவிட்சர்லாந்துக்காக. அப்புறம், தோற்ற பாட்டைக் கழித்துவிடாதீர்கள். 1958ல் மூன்றாம் இடம் பிடித்த இத்தாலியின் டொமெனிகோ மொதுன்யோவின் பாட்டுதான் ‘வோலாரே’ என்ற பெயரில் உலகம் சுற்றி கிராமி விருது வாங்கியது.

2023 முதல் போட்டியில் இல்லாத நாடுகளில் இருப்பவர்களும் இணையத்தில் வாக்களிக்கலாம். அத்தனை பேருடைய வாக்கும் சேர்ந்து ஒரே ஒரு நாட்டின் வாக்காகக் கணக்காகும். வாக்களிப்பதாக இருந்தால் பாட்டை ஒருமுறை பொருள் தெரியாமலே முழுக்கப் பாருங்கள். பிறகு பொருளைத் தேடிப் படித்துவிட்டு இன்னொரு முறை. ‘1944’ஐ இந்த வரிசையில் கேட்டால், இரண்டாவது முறை அந்தச் சொல்லில்லாக் குரல் வரும்போது, ரயிலில் இறந்த அந்தப் பெண்குழந்தை நினைவுக்கு வந்துவிடுவாள்.