ஆமென் சொல்லுமுன் நிதானிப்பது எப்படி: திருகோணமலைச் சபையாருக்கு

சபையில் ஒருவர் தீர்க்கதரிசனம் உரைத்தால், சொன்ன வார்த்தைகளை முதலில் எழுதிவையுங்கள். இரண்டு மூன்று பேர் பேச, மற்றவர்கள் அதை நிதானிக்கவேண்டும், அதாவது சோதித்தறியவேண்டும் என்பதே 1 கொரிந்தியர் 14:29 காட்டும் ஒழுங்கு. ஆகவே மூப்பர்கள் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்வரை அதை நம்பித் திருமணத்தையோ காணி விற்பனையையோ முடிவு செய்யவேண்டாம். காத்திருக்க இடந்தராத தீர்க்கதரிசனத்தை நான் ஏற்பதில்லை.

தேர்தல் காலத்தில் பிரசங்கபீடத்தை எந்த வேட்பாளருக்கும் கொடுக்காதீர்கள். பாராளுமன்றத் தேர்தலில் ஒரு கட்சிக்கு வாக்களித்து, அதன் வேட்பாளர்களில் மூவர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம் என்பதால், ‘அவர் நம்மவர்’ என்பதோடு தேர்வு முடிந்துவிடுவதில்லை. வாழும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடும்படி எரேமியா 29:7 சொல்கிறது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து வாழும் நம் பட்டணத்தில், ஒவ்வொரு வேட்பாளரும் தமக்கு வாக்களிக்காத சமூகத்தைப் பற்றி என்ன பேசினார் என்று விசாரித்துப் பாருங்கள்.

கோயிலையோ பள்ளிவாசலையோ விகாரையையோ பற்றிய குற்றச்சாட்டு வாட்ஸ்அப்பில் வந்தால் இன்னும் அதிக கவனம் வேண்டும். முதலில் பேசுகிறவன் நீதிமானாகத் தோன்றுவான், மறுதரப்பு வந்தபின்னரே உண்மை விளங்கும் என்பது நீதிமொழிகள் 18:17 தரும் எச்சரிக்கை. அதனால் பகிருமுன், அந்தச் சமூகத்தைச் சேர்ந்த உங்களுக்குத் தெரிந்த ஒருவரை அழைத்துக் கேளுங்கள். கேட்க ஒருவருமில்லையென்றால் பகிராதீர்கள். நமக்கு இதில் கூடுதல் பொறுப்பும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்டுவதற்கு எடுத்தார்கள். அதைச் செய்தவர்கள் கிறிஸ்துவின் பெயரைத் தரித்தவர்கள் என்பதால், கோயில் காணியைப் பற்றி இங்கே ஒரு கிறிஸ்தவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் அயலவர் அந்த நினைவோடுதான் கேட்கிறார். இது நியாயமே என்று நான் கருதுகிறேன்.

தைப்பொங்கலன்று அயல்வீட்டிலிருந்து பொங்கல் வரும். 1 கொரிந்தியர் 10:27-28இல் பவுல், வைத்ததைக் கேள்வி கேளாமல் புசிக்கவும், படைக்கப்பட்டது என்று ஒருவர் அறிவித்தால் அவருடைய மனச்சாட்சிக்காகத் தவிர்க்கவும் சொல்கிறார். தவிர்க்க நேர்ந்தால் வாசலிலேயே மறுத்து அனுப்பிவிடாமல், அவரை உள்ளே அழைத்து, அமரவைத்து, காரணத்தை அன்போடு சொல்லுங்கள். பொங்கலை வாங்கிக்கொண்டீர்களென்றால், கிறிஸ்மஸ் பலகாரத்தோடு அந்தப் பாத்திரம் அவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போகட்டும்.