கீச்சான் வந்த தேதியை எழுதி வையுங்கள்

சைபீரியா, சீனா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டம்பரில் பழுப்புக் கீச்சான் நம் செம்பனைத் தோட்டங்களுக்கு வந்துவிடும். எடை முப்பது கிராமுக்குக் கொஞ்சம் மேலே. அது வந்த வழியைக் கண்டுபிடிப்பதில் பேராக் மாநிலச் சுங்கை சிப்புட்டில் இருக்கும் நமக்கும் வேலை உண்டு.

பறவையின் எடையில் 3 முதல் 5 சதவீதத்துக்கு மேல் அதன் முதுகில் ஏற்றக் கூடாது என்பது ஆய்வாளர்கள் வைத்திருக்கும் வரம்பு. கீச்சானுக்கு ஒரு கிராம் சொச்சம்தான் தாங்கும். அதனால் ஜியோலொகேட்டர் என்ற சின்னக் கருவியை மாட்டுவார்கள். அது வெளிச்சத்தையும் நேரத்தையும் மட்டும் பதியும். உச்சிவேளை எப்போது என்பதிலிருந்து கிழக்கு மேற்கும், பகலின் நீளத்திலிருந்து வடக்கு தெற்கும் கணக்கிடலாம். 2007இல் பறவை ஆய்வாளர் பிரிஜெட் ஸ்டட்ச்பரியின் குழு அமெரிக்காவில் இப்படிக் கருவி மாட்டிய பறவைகளில் ஓர் ஊதா மார்ட்டின், பிரேசிலிலிருந்து 13 நாளில் பென்சில்வேனியா போய்ச் சேர்ந்தது தெரியவந்தது.

ஆனால் செப்டம்பர் 23, மார்ச் 21 ஒட்டிய வாரங்களில் உலகம் முழுக்கப் பகலும் இரவும் ஏறக்குறைய சமம். பேங்காக்கா, பேராக்கா என்று கருவிக்குத் தெரியாது. கீச்சான் இந்தப் பக்கம் வந்து சேர்வதும் அந்த நேரத்தில்தான். அங்கேதான் தேதி போட்டு எழுதிய நம் குறிப்பு கை கொடுக்கிறது.

ஆகஸ்ட் கடைசியிலேயே தொடங்குங்கள். வேலியும் புல்வெளியும் உள்ள ஓர் இடம் போதும். நான் போவது பழைய தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் இருக்கும் திடல். காலை ஏழரைக்கு, தினமும் அதே நேரம், அதே இடம். தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், எத்தனை பறவை, எல்லாம் எழுதுங்கள். ஒன்றும் வராத நாளில் பூஜ்யம் போடுங்கள். நான் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவனாக இருந்தவன். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் வராதவர் பெயருக்கு நேரேயும் குறி இருந்தால்தான் கணக்கு நிற்கும், இதுவும் அப்படித்தான். நேற்றுவரை பூஜ்யம், இன்று ஒன்று என்றிருந்தால்தான் இன்று வந்தது என்று நம்பலாம்.

அப்புறம் பறவைக் குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் ஈபேர்ட் செயலியில் ஏற்றிவிடுங்கள், இலவசம். கண்டறிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா என்று கேட்கும். மைனா, புறா எதையும் விடாமல் எழுதிவிட்டு ஆம் என்று சொல்லுங்கள்.

கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, பழுப்பு முதுகு, வேலிக்கம்பத்தில் தனியாக உட்கார்ந்து கரகரவென்று கத்தினால் கீச்சான். வலசை வரும் தகைவிலானையும் எழுதுங்கள், அதில்தான் குழப்பம் வரும். வடக்கிலிருந்து வருவதற்கு நெஞ்சில் கருநீலப் பட்டையும் வெள்ளை வயிறும் இருக்கும். இங்கேயே வாழும் பசிபிக் தகைவிலானுக்குப் பட்டை கிடையாது, வயிறும் அழுக்குச் சாம்பல். பறவைக்கூடு வீடுகளைச் சுற்றும் உழவாரன் கம்பியில் உட்காரவே உட்காராது. அந்தி ஏழு மணிக்குக் கடைத்தெருக் கம்பிகளைப் பாருங்கள். 1960களில் பெந்தோங் நகரத்தில் இப்படி உறங்க வந்த தகைவிலான்களின் காலில்தான் பறவை ஆய்வாளர் லார்ட் மெட்வே எண் பொறித்த வளையம் போட்டு ஆராய்ந்தார். நம் ஊர்க் கம்பிகளையும் யாராவது வருடா வருடம் எண்ண வேண்டும் என்பது என் ஆசை.

வலை கட்டிப் பிடிக்க மட்டும் நினைக்காதீர்கள். அதற்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதியும் பயிற்சியும் வேண்டும்.

காலில் வளையத்தோடு செத்த பறவை கிடைத்தால், எழுத்தும் எண்ணும் தெரியும்படி வளையத்தைச் சுற்றிலும் படம் எடுங்கள். கிடைத்த இடம், தேதி சேர்த்து, வளையத்தில் உள்ள முகவரிக்கு அனுப்புங்கள். உயிரோடு இருந்தால் எண்ணைப் படித்துவிட்டு உடனே விட்டுவிடுங்கள்; வளையத்தைக் கழற்றக் கூடாது.