நெட் போனாலும் கடைக்குள்ள சாட் ஓடணுமா, என்ஜிஐஆர்சிடி போடுங்க

பெங்களூரு அல்சூர்ல நம்ம பிரஸ், கீழ மிஷின், மாடில டிடிபி (பக்கம் டிசைன் பண்றது). ரோட்ட எவனாவது தோண்டினா கேபிள் போச்சு, அப்புறம் "அண்ணா, ஃபைல் வந்துச்சா"ன்னு படிக்கட்டுல நின்னு கத்தணும். வைஃபை ரவுட்டர் அப்பவும் ஓடிட்டுதானே இருக்கு, அதுலயே சாட் வச்சா என்னன்னு போட்டதுதான் இது. ஐஆர்சிங்கறது 1988ல வந்த சாட் முறை, என்ஜிஐஆர்சிடி அத ஓட்டுற சர்வர் சாஃப்ட்வேர். பழைய சரக்குதான், ஆனா இந்த வேலைக்கு இது போதும், பழைய லேப்டாப்பே தாங்கும்.

அந்த லேப்டாப்ல டெபியன் லினக்ஸ் போட்டு, ஏப்ட் இன்ஸ்டால்ல என்ஜிஐஆர்சிடி இறக்குங்க. ரவுட்டர்ல அதுக்கு ஐபி மாறாம ஃபிக்ஸ் பண்ணிடுங்க. அப்புறம் இடிசி ஃபோல்டருக்குள்ள இருக்குற அதோட கான்ஃப் (செட்டிங்ஸ்) ஃபைல திறந்து, குளோபல் பகுதில நேம் குடுங்க, அதுல ஒரு புள்ளி கண்டிப்பா இருக்கணும், "பிரஸ் டாட் லோக்கல்" மாதிரி. பாஸ்வேர்டும் அங்கயேதான். சேனல் பகுதில ஒரு சேனல் (எல்லாரும் சேர்ந்து பேசுற அறை) எழுதி வச்சா அது எப்பவும் இருக்கும். ஃபைல்ல தப்பு இருக்கான்னு கான்ஃபிக்டெஸ்ட் ஓட்டிப் பாத்துட்டு சர்வர ரீஸ்டார்ட் பண்ணுங்க.

அதே ஃபைல்ல ஆப்ஷன்ஸ் பகுதில டிஎன்எஸ் (ஐபிக்கு பேர் தேடுறது), ஐடென்ட் (வர்றவன் யாருன்னு அவன் மிஷின்கிட்ட கேக்குறது) ரெண்டையும் நோ ஆக்குங்க, இல்லன்னா நெட் இல்லாத நேரத்துல சர்வர் பேர் தேடிக்கிட்டே நிக்கும், லாகின் இழுக்கும். நமக்கு நெட் இல்லாதப்பதான இது வேணும்!

எனக்கு அரை நாள் போனது வேற இடத்துல. அஞ்சு பேர் வந்தாச்சு, ஆறாவது தம்பி எத்தன தடவ தட்டினாலும் வெளிய தள்ளுது. கடைசில பாத்தா மாடில தனி ரவுட்டர், அதுக்குப் பின்னாடி இருக்குற எல்லாரும் சர்வருக்கு ஒரே ஐபியா தெரியுறாங்க, ஒரு ஐபிக்கு 5 கனெக்‌ஷன்தான் டிஃபால்ட். லிமிட்ஸ் பகுதில மேக்ஸ்கனெக்‌ஷன்ஸ்ஐபி 0ன்னு போட்டேன், அதாவது லிமிட்டே இல்ல, சரியாயிடுச்சு. நிக்நேமும் டிஃபால்ட்டா 9 எழுத்துதான், அத நான் மாத்தல.

மத்த கம்ப்யூட்டர்ல ஹெக்ஸ்சாட்ங்கற ஐஆர்சி ஆப் போட்டு, சர்வர் லேப்டாப் ஐபில 6667 போர்ட்ல சேருங்க. இதுல என்கிரிப்ஷன் கிடையாது, அதனால அந்த போர்ட்ட ரவுட்டர் வழியா வெளிய மட்டும் திறந்துடாதீங்க. தமிழ்ல அடிக்கலாம், ஆனா ஐஆர்சி மெசேஜ் 512 பைட்டுக்குள்ள, தமிழ்ல "க" ஒண்ணே 3 பைட், "கொ" 6. நீட்டி கதை எழுதினா சில ஆப் வாலை வெட்டிடும், ரெண்டு மூணு வரியா உடைச்சு அனுப்புங்க.

லாகின் ஆகாதவனுக்கு பழைய மெசேஜ் வராது, அதனால கவுன்ட்டர் மிஷின்ல ஹெக்ஸ்சாட்ட மூடாம லாகிங் ஆன் பண்ணி வச்சிருக்கோம், லேட்டா வர்ற பசங்க அங்க வந்து பாத்துக்குவாங்க.