புதிய வார்டு இன்சார்ஜைப் பழக்குவது எப்படி?

ஊசி போடுவதிலும் கேஸ் ஷீட் எழுதுவதிலும் கெட்டிக்காரரான நர்ஸைத்தான் வார்டு இன்சார்ஜ், அதாவது வார்டின் பொறுப்பு நர்ஸ், ஆக்குகிறோம். மறுநாள் அவர் கைக்கு வருவதோ டியூட்டி லிஸ்ட், ஸ்டாக் லெட்ஜர், ஒரு கட்டு லீவு லெட்டர். இரண்டு நாள் தலைமைப் பயிற்சிக்கு அனுப்பினால் சான்றிதழ் வரும், லிஸ்ட் போட வராது. பழைய இன்சார்ஜ் கூட இருக்கும்போதே, மூன்று மாதத்தில், ஒவ்வொரு பொறுப்பாகக் கைமாற்றுங்கள்.

முதலில் ஆள் கணக்கு. வார ஓய்வு 52, சி.எல். (தற்செயல் விடுப்பு) 12, ஈட்டிய விடுப்பு 15, பண்டிகை விடுமுறை 10, மருத்துவ விடுப்பு 10 என்று வைத்தால் ஒருவர் ஆண்டில் வேலைக்கு வருவது 266 நாள். (உங்கள் விதிப்படி எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.) 365-ஐ 266-ஆல் வகுத்தால் 1.37. காலை 5, மதியம் 4, இரவு 3 என நாளொன்றுக்கு 12 பேர் நிற்க வேண்டிய வார்டுக்கு 12 × 1.37 = 16.4, அதாவது 17 பேர் வேண்டும். பட்டியலில் 14 பேர்தான் என்றால் தினமும் ஏறக்குறைய இரண்டு இடம் காலி. லிஸ்டை எப்படித் திருப்பிப் போட்டாலும் சரியாகாது. 'ஆள் போதவில்லை' என்று புலம்பாமல், இந்தத் தாளோடு நர்சிங் சூப்பரின்டென்டென்டைப் பார்க்கப் பழக்குங்கள்.

அடுத்த மாத லிஸ்டைப் புதியவரே போடட்டும். பழையவர் பிழையை மட்டும் சுழிக்கட்டும். நைட் முடித்தவருக்கு அன்றே மதியம் டியூட்டி விழக்கூடாது. ஒரு ஷிப்ட் முழுக்கப் புதியவர்களாக அமையக்கூடாது. கூடப் படித்தவர்களுக்கே ஞாயிறு ஆஃப் போகிறது என்ற பேச்சுதான் வார்டைக் கெடுக்கும். ஆளுக்கு எத்தனை நைட், எத்தனை ஞாயிறு என்ற கணக்கை லிஸ்டுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டால் அது அடங்கும்.

டியூட்டி ஓவர் (ஷிப்ட் மாறும்போது பேஷன்ட் விவரத்தை அடுத்தவரிடம் ஒப்படைப்பது) கட்டில் அருகிலேயே நடக்கட்டும்: இப்போதைய நிலை, பின்னணி, நம் கணிப்பு, செய்ய வேண்டியது. மூன்று நாள் கதை வேண்டாம். முடிவில் இன்சார்ஜ் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "எந்த பேஷன்ட் விஷயத்தில் பயமா இருக்கு?"

தவறு நடந்தால்தான் சோதனை. ஸ்டெரைல் வாட்டர் என்று நினைத்து பொட்டாசியம் குளோரைடு (கரைக்காமல் ஏற்றினால் உயிருக்கே ஆபத்தான மருந்து) ஆம்பியூலை ஒருவர் எடுத்துவிட்டார் என்று வையுங்கள். முதலில் பேஷன்டைப் பார்த்து, டாக்டரிடம் சொல்ல வேண்டும். அட்டெண்டர் முன்னால் திட்டக்கூடாது. பிறகு தனியறையில்: இரண்டும் ஒரே டிரேயிலா இருந்தன? அப்போது அவர் எத்தனை பேஷன்ட் பார்த்துக்கொண்டிருந்தார்? பொட்டாசியத்தை அன்றே வேறு பூட்டிய அலமாரிக்கு மாற்றச் சொல்லுங்கள். எடுத்த எடுப்பில் மெமோ கொடுத்தால் அடுத்த தவறு வெளியே வராது. சொல்லியும் லேபிள் பார்க்காமலே மருந்து ஏற்றுகிறவர் விஷயம் வேறு. அதை எழுத்தில் வைத்தாக வேண்டும்.

புதிய இன்சார்ஜ்கள் பெரும்பாலும் சறுக்குவது, ஊசி ஏற்ற வெயின் (ரத்தக் குழாய்) கிடைக்காத கை என்றால் தானே ஓடுவதில். லைன் போட இளையவரை நிற்கவைத்துச் சொல்லிக்கொடுப்பதுதான் இப்போது அவர் வேலை. பன்னிரண்டாவது வாரம் அவருக்கு நான்கு நாள் லீவு கொடுங்கள். வார்டிலிருந்து எதற்கெல்லாம் அவருக்குப் போன் போகிறதோ, அதையெல்லாம் அவர் இன்னும் கைமாற்றவில்லை. அடுத்த மாதப் பயிற்சிக்கு அதுதான் பட்டியல்.