பாவித்த லப்டொப்பா, புதிதா? எடிற்றிங் பழகுபவர்கள் விடும் பிழைகள்

கலியாண வீடியோ, சாமத்திய வீட்டு அல்பம் என்று தொழில் தொடங்கும் பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் இப்போது கனபேர். லப்டொப்பை வாங்கிய பிறகுதான் கொண்டுவந்து, “அண்ணை, இது நல்லதா?” என்று கேட்பார்கள். உடைந்த மூலை, தேய்ந்த கீபோட் எல்லாம் கண்ணுக்கே தெரியும், அதை விடுவோம்.

திரையைப் பார்க்காமல் வாங்குவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். கடையில் முதல் கேள்வி “ஐ7 இருக்கா?”, அடுத்தது “எத்தனை ஜிபி ராம்?” திரையைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

ரீஃபர்பிஷ்ட், அதாவது பாவித்ததைத் திருத்தி விற்பது, என்று வரும் தின்க்பாட், லாட்டிட்யூட், எலைட்புக் எல்லாம் அலுவலக வேலைக்கென்று செய்தவை. உடம்பு உறுதி, திரை அதிர்ஷ்டம். 2018இல் வந்த தின்க்பாட் டி480ஐப் பாருங்கள்: 1366×768, 1920×1080, 2560×1440 என்று மூன்று விதத் திரைகளோடு விற்றார்கள். மூடி வைத்தால் மூன்றும் ஒன்றுதான். முழு எச்டி (1920×1080) என்றாலும் போதாது. மலிவான திரைகள் ‘45 சதவீத என்டிஎஸ்சி’ வகை; என்டிஎஸ்சி என்பது திரை காட்டும் நிறங்களை அளக்கும் ஒரு அளவுகோல். படங்களுக்கு வழக்கமாகப் பாவிக்கும் நிறத் தொகுதியான எஸ்ஆர்ஜிபியின் நிறங்களில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட அவை காட்டாது.

ஒரு தம்பி அப்படியான லப்டொப்பில் அல்பம் செய்தான். கூறைச்சேலையின் சிவப்பு திரையில் செங்கல் நிறமாய் மங்கிக் கிடக்க, சிவப்பைக் கூட்டினான், பிறகும் கூட்டினான். அச்சாகி வந்தபோது சேலையில் ஒரு மடிப்பும் தெரியவில்லை; மாப்பிள்ளையின் முகமும் சிவந்துபோயிருந்தது. திரும்ப அடித்தது அவன் காசில். பாவித்தது வாங்கி மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போனது.

கடைக்குப் போகும்போது நிறம் சரியாக அச்சான படம் ஒன்றையும், அதே படத்தின் கோப்பைப் பென்டிரைவிலும் கொண்டுபோங்கள். திறந்து பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். திரையை முன்னும் பின்னும் சாய்க்கும்போது நிறம் புரண்டால் அது டிஎன் எனப்படும் பழைய வகைத் திரை, வேண்டாம். கடைக்காரர் அவசரப்படுத்தினால் வேறு கடை பாருங்கள். மற்றதெல்லாம் திருப்தி என்றால், எஸ்ஆர்ஜிபி முழுவதும் காட்டும் வெளி மொனிட்டருக்கும் காசு ஒதுக்கிவிட்டு வாங்கலாம்.

ஐ7 என்ற பெயருக்கு மயங்குவது

2015இன் ஐ7-6600யூ புரொசஸரில் இரண்டு கோர்தான் (கோர் என்பது வேலையைச் செய்யும் பகுதி); அது 6ஆம் தலைமுறை. 8ஆம் தலைமுறை ஐ5-8250யூவில் நான்கு. 6ஆம் தலைமுறைக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இல்லை. விண்டோஸ் 10இன் வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது.

கமராவை மறப்பது

புதிய கமராக்களில் 10-பிட் 4:2:2, எச்.265 என்று (நிற விவரம் கூடிய, இறுக்கிச் சுருக்கிய வீடியோ) பிடிப்பவர்களுக்கு 8ஆம் தலைமுறை லப்டொப்பில் டைம்லைன் நொண்டும், ஏனென்றால் அதன் இன்டெல் கிராபிக்ஸால் அந்தக் கோப்பை நேரடியாக விரிக்க முடியாது. 11ஆம் தலைமுறையின் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் விரிக்கும். புதிதுக்குக் காசு கொடுப்பது நியாயமென்றால் அது இந்த இடத்தில்தான். அல்லது புரொக்சி (எடிற்றிங்குக்கு மட்டும் எடுக்கும் இலகுவான பிரதி) செய்துகொண்டு பொறுமையாக இருங்கள். படமும் அல்பமும் மட்டும் என்றால் இந்தத் தலையிடியே இல்லை.

பற்றரி

விண்டோஸிலேயே பற்றரி அறிக்கை எடுக்கலாம். எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பயோஸ் பாஸ்வேட்

பயோஸ் என்பது லப்டொப்பைப் போட்டவுடன் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள். அது பாஸ்வேட்டால் பூட்டியிருந்தால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

மக்புக்

ஆப்பிளின் எம்1 சிப் உள்ளவை உட்பட, அண்மைய மக்புக் ஒன்றிலும் ராமைப் பிறகு கூட்ட வழியில்லை. 8 ஜிபியை “பிறகு பார்ப்பம்” என்று வாங்காதீர்கள்.