செரன்டிபிட்டி: எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது?

செரன்டிபிட்டி (serendipity) என்ற ஆங்கிலச் சொல்லை அகராதி ஆப்பில் தேடினால் ‘தற்செயல்’, ‘அதிர்ஷ்டம்’ என்று காட்டும். அதை நம்பி எழுதினால் பாதி இடத்தில் தப்பாகிவிடும். இந்தச் சொல்லுக்கு மட்டுமாவது மொழிபெயர்ப்பு ஆப்பை மூடிவிட்டு, எடுத்துக்காட்டு வாக்கியம் தரும் ஆக்ஸ்போர்டு லேர்னர்ஸ் அகராதியைத் திறங்கள்.

1. உச்சரிப்பு: செ-ரன்-டிப்-இ-டி. அழுத்தம் ‘டிப்’பில்.

2. பிறப்பு: 1754 ஜனவரி 28 அன்று ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் உண்டாக்கிய சொல். செரன்டிப் என்பது இலங்கையின் பழைய பெயர். அந்நாட்டு இளவரசர்கள் மூவர் கதையில், அவர்கள் தேடாததையெல்லாம் தற்செயலாகவும் புத்திக்கூர்மையாலும் கண்டுபிடித்துக்கொண்டே போவார்கள்.

3. சோதனை: மாட்டிக்கொள்வது இங்கேதான், நிதானமாகப் படியுங்கள். மூன்று கேள்வி கேட்க வேண்டும். வேறு எதையோ தேடிப் போனோமா? நல்லது ஒன்று எதிர்பாராமல் கிடைத்ததா? அதை நல்லது என்று கண்டுகொள்ள நமக்குக் கண் இருந்ததா?

குலுக்கல் சீட்டு முதல் மாதமே உங்களுக்கு விழுந்தால் அது வெறும் லக். கொலுசுக்குத் திருகு மாற்ற சேலம் செவ்வாய்ப்பேட்டை போகிறீர்கள். காத்திருக்கும்போது, பட்டறைக்காரர் கருத்துப்போன வெள்ளியைப் பூந்திக்கொட்டை நுரையில் முக்கி பிரஷ்ஷால் தேய்க்கிறார், பளபளவென்று வருகிறது. ‘அட, நம் வீட்டுக் குங்குமச்சிமிழுக்கும் இதுதான் வழி’ என்று பொறி தட்டினால், அது செரன்டிபிட்டி. பக்கத்தில் போனை நோண்டிக்கொண்டிருந்தவருக்கு அது கிடைக்காது.

1928-இல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் என்ற விஞ்ஞானி விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது, பாக்டீரியா வளர்த்த ஒரு தட்டில் பூஞ்சை பிடித்து, அதைச் சுற்றியிருந்த பாக்டீரியா அழிந்திருந்தது. கெட்டுப்போன தட்டு என்று கழுவி வைத்திருக்கலாம். அவர் உற்றுப் பார்த்ததால் பென்சிலின் வந்தது.

4. வாக்கியம்: ‘இட் வாஸ் ப்யூர் செரன்டிபிட்டி’ சரி. ‘ஐ ஆம் வெரி செரன்டிபிட்டி’ தப்பு, இது பெயர்ச்சொல். பெயரடை வேண்டுமென்றால் செரன்டிபிட்டஸ்: ‘எ செரன்டிபிட்டஸ் டிஸ்கவரி’. பேச்சில் லக்கே போதும், எல்லாவற்றுக்கும் இதைப் போட்டால் பந்தா மாதிரி இருக்கும்.

பின்சேர்க்கை: ஏற்காட்டு மலையில் 20 கொண்டை ஊசி வளைவிலும் எதிரே ஒரு பஸ்கூட வரவில்லை, இதைச் செரன்டிபிட்டி என்று சொல்லலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது, அங்கே எதையும் கண்டுபிடிக்கவில்லையே. இன்னொருவர், மாதக்கணக்கில் தேடிய பழைய மிக்ஸி ஜாடி சேலம் ஐந்து ரோடு பகுதியில் கிடைத்தது என்கிறார். தேடியதேதான் கிடைத்திருக்கிறது, அதனால் நான் போடமாட்டேன். ஆனால் இப்போது பலர் அங்கேயும் போடுகிறார்கள்.