முகாமுக்கு உதவப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

மதுரை மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் மூன்று இருக்கின்றன. நகரை ஒட்டி ஆனையூர், திருமங்கலம் பக்கம் உச்சப்பட்டி, மேலூர் பக்கம் திருவாதவூர். பிறந்தநாள், கல்யாணநாள் என்றால் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு வேன் பிடித்துப் போகிற நல்ல மனம் நம் ஊரில் நிறையவே உண்டு. ஆனால் அங்கே உண்மையான தட்டுப்பாடு, பிழையில்லாமல் ஒரு ஃபாரம் நிரப்பிக் கொடுத்து, அது முடியும்வரை கூடவே அலைகிற ஆளுக்குத்தான்.

முதல் தவறு, எல்லோரையும் நேற்று வந்து இறங்கியவர்கள் என்று நினைத்துக்கொள்வது. 1983 இனக்கலவரத்துக்குப் பின் வந்தவர்கள் உண்டு. 1990, 1996, 2006 என்று போர் மூண்ட போதெல்லாம் படகேறியவர்கள் உண்டு. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, பிள்ளை பெற்றவர்களும் உண்டு. உச்சப்பட்டியில் வளர்ந்த பிள்ளைக்கு மாட்டுத்தாவணி பஸ் எது என்று நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. 2022 மார்ச் முதல் பொருளாதார நெருக்கடி தாங்காமல் தனுஷ்கோடிக் கரையில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்க வைக்கப்பட்டவர்களின் நிலை வேறு. அவர்களுக்குப் பாய், பாத்திரம், பால் பவுடர் என்று எல்லாமே தேவைப்பட்டது. இரண்டு தரப்புக்கும் ஒரே மாதிரிப் பை கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

பெயரும் முக்கியம். 2021 ஆகஸ்டிலேயே தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றிவிட்டது. பேனரில் இன்னமும் ‘அகதிகளுக்கு உதவி’ என்று அடித்து, அதன் கீழே பள்ளிப் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுப்பது அவர்களைக் கூசவைக்கும். படமே வேண்டாம். இலங்கையில் இருக்கும் உறவுக்காரர்களை நினைத்து முகம் வெளியே தெரியக் கூடாது என்று அஞ்சுகிறவர்கள் இன்றும் உண்டு. கேட்டால் மறுக்கத் தயங்குவார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அனுமதியும் நேரமும்

முகாம் வருவாய்த் துறையின் பொறுப்பில் இருக்கிறது, காவல்துறையின் கண்காணிப்பும் உண்டு. சொல்லாமல் உள்ளே போனால் உங்களுக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். ‘யார் வந்தது, எதற்கு வந்தது’ என்ற கேள்வி நீங்கள் போய்ப் பார்த்த குடும்பத்தின் மேல்தான் விழும். ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அதோடு முகாம் தலைவரிடமும் தேதி கேளுங்கள்.

ஏனென்றால் முகாமில் ‘செக்கிங்’ என்று சொல்லும் ஆள் கணக்கெடுப்பு உண்டு. அந்த நாளில் ஆள் இருந்தாக வேண்டும். நீங்கள் அதே நாளில் பிள்ளைகளைக் கீழடிக்கோ கொடைக்கானலுக்கோ கூட்டிப் போனால், அந்த வீட்டின் மாத உதவித்தொகைக்கே சிக்கல் வரலாம். 2021இல் உயர்த்தி அறிவித்த கணக்குப்படி குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் மொத்தம் 3,500. அதில் ஓர் ஆயிரம் தள்ளிப்போனால் அந்த மாதம் எப்படி ஓடும் என்று யோசித்துப் பாருங்கள்.

பகல் 11 மணிக்குக் கூட்டம் வைப்பதும் வீண். ஆண்களில் பலர் பெயிண்டிங் வேலைக்குக் காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையோ, மாலை ஆறரைக்கு மேலோ வையுங்கள்.

ஓர் எழுத்துப் பிழை

தன்னார்வலர்கள் நல்லெண்ணத்தோடு பெருந்தீங்கு செய்துவிடுவது இந்த இடத்தில்தான். ஒரு பெண்ணின் பெயர் இலங்கைப் பிறப்புச் சான்றில் ‘சிவதர்சினி’. முகாம் அட்டையில் ‘தர்சினி’. பள்ளியில் சேர்த்தபோது ஆசிரியர் எழுதியது ‘சிவதர்ஷினி’. ஆதாரில் இவருக்கு ‘எஸ்’ இனிஷியல். இலங்கை வழக்கப்படி அப்பாவின் முழுப்பெயர் முன்னால் வர வேண்டியது. நாலு தாளில் நாலு ஆள். கல்லூரி உதவித்தொகையில் தொடங்கி, நாளைக்கு ஊர் திரும்ப நினைத்தால் இலங்கைத் துணைத் தூதரகம் வரை, ஒவ்வொரு ஜன்னலிலும் இது திரும்ப வரும்.

ஆகவே எந்த விண்ணப்பத்தைத் தொடும் முன்னும் எல்லாத் தாள்களையும் தரையில் வரிசையாகப் பரப்புங்கள். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். மிகப் பழைய தாளில் இருக்கும் பெயர் எதுவோ, பெரும்பாலும் அதை மூலமாக வைத்துத்தான் மற்றவற்றைத் திருத்த வேண்டியிருக்கும். ஆனால் எதை வைப்பது என்பதை வீட்டார்தான் முடிவு செய்ய வேண்டும்.

புதிதாகப் பிறக்கும் குழந்தைக்கு இந்தத் தொல்லை வராமல் தடுப்பது சுலபம். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. ஓராண்டு தாண்டினால் ஆட்சியர், கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரின் உத்தரவு வரை போக வேண்டிவரும். பெயர் வைக்காமல் பதிந்திருந்தால் 12 மாதத்துக்குள் இலவசமாகச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம். ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்ததும் பெற்றோர் பெயரை, வீட்டார் முடிவு செய்த தாளில் இருக்கிறபடியே எழுதிய துண்டுச்சீட்டைக் கொடுத்தனுப்புங்கள். அந்தச் சீட்டு பத்து வருஷ அலைச்சலை மிச்சப்படுத்தும்.

இதைவிட ஆபத்தானது ‘நாட்டினம்’ கட்டத்தில் ‘இந்தியர்’ என்று அவசரத்தில் நிரப்பிவிடுவது. ஆதார் என்பது குடியிருப்பவருக்குத் தரும் அட்டை. குடியுரிமைச் சான்று அல்ல. அதை வைத்து வாக்காளர் அட்டைக்கோ கடவுச்சீட்டுக்கோ மனுப் போட்டால், பொய்த் தகவல் கொடுத்ததாக வழக்கு வருவது அந்தக் குடும்பத்துக்குத்தான்.

அதற்காக ‘முகாம்காரர் யாருக்கும் குடியுரிமை கிடையாது’ என்று கையை விரித்துவிடவும் கூடாது. இந்திய மண்ணில் 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை பிறந்தவர், பொதுவிதிப்படி பிறப்பாலேயே குடிமகன். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது இதை வைத்துத்தான். பிறந்த தேதியையும் இடத்தையும் கேட்ட பிறகு பேசுங்கள். மலையக வம்சாவளிக் குடும்பம், அதாவது தேயிலைத் தோட்ட வேலைக்கு இங்கிருந்து இலங்கை போனவர்களின் வழி வந்தவர்கள் என்றால், அவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்தியக் குடியுரிமை தர ஒப்புக்கொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தக் காலத்துத் தாள் ஏதாவது டிரங்குப்பெட்டியில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது மக்கிப்போவதற்குள் நகல் எடுங்கள். சட்ட ஆலோசனையை நீங்களே சொல்ல வேண்டாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசம், உதவி எண் 15100.

ஒரே தமிழ்தான், ஆனாலும்

இளசுகள் மதுரைத் தமிழே பேசுவார்கள். வயதானவர்களோடு அரசு ராஜாஜி மருத்துவமனைக்குத் துணைக்குப் போகிறவர் சில சொற்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ‘பிள்ளைக்கு வருத்தம்’ என்றால் கவலை இல்லை, நோய். ‘சத்தி’ என்றால் வாந்தி. ‘வயித்தோட்டம்’ பேதி. ‘தலையிடி’ தலைவலி. ‘நாரி நோகுது’ என்றால் இடுப்பு வலி. ‘தடிமன்’ சளி, ‘முட்டு’ மூச்சிரைப்பு, ‘குளிசை’ மாத்திரை. ‘முட்டு’ என்பதை மூட்டு என்று காதில் வாங்கி, எலும்பு டாக்டரிடம் வரிசையில் நிறுத்திவிட்டால் பாதி நாள் போய்விடும். ‘அம்மா பேசினவ’ என்றால் அம்மா திட்டினார் என்று அர்த்தம். அதற்காக நோயாளிக்குப் பதில் நீங்களே முழுக்கப் பேசிவிடாதீர்கள். புரியாத சொல்லை மட்டும் எடுத்துச் சொன்னால் போதும். பெரிய சிகிச்சை என்றால் முதலமைச்சர் காப்பீட்டைக் கேளுங்கள், முகாம் குடும்பங்களுக்கு அதில் வருமான வரம்பு இல்லை.

நாம் பாசத்தில் ‘ஏத்தா, வா, உக்காரு’ என்போம். ‘வாங்கோ, இருங்கோ’ என்று மரியாதையாகவே பேசிப் பழகியவர்களுக்கு அது சுருக்கென்று தைக்கும். முதல் சந்திப்பிலேயே ‘அங்க என்ன நடந்துச்சு, யார் யாரை இழந்தீங்க’ என்றும் கேட்காதீர்கள். சொல்லத் தோன்றினால் அவர்களாகச் சொல்வார்கள்.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு அரசுத் தேர்வுப் பயிற்சி நடத்துகிறவர்கள், முதலில் அந்த அறிவிக்கையின் குடியுரிமைப் பத்தியைப் படித்துவிட வேண்டும். ஒரு வருஷம் படிக்கவைத்து, விண்ணப்பிக்கும் நாளில் ‘நீ எழுத முடியாதாம்’ என்று சொல்வது கொடுமை. தனியார் வேலைக்குப் போகும் படிப்புகளைப் பற்றி அவர்கள் பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே பேசுங்கள்.

இலங்கைக்குத் திரும்புவதா, இங்கேயே இருப்பதா என்பதில் உங்கள் கருத்தை வைக்காதீர்கள். ஒரே வீட்டில் பாட்டிக்கு ஊர் மண் வேண்டும், பேரனுக்கு ஆனையூர்தான் ஊர். போக முடிவு செய்தவர்களுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்று, வெளியேறும் அனுமதி எல்லாம் கையில் இருக்கின்றனவா என்று பார்த்துக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. மனுக் கொடுத்த ரசீதைத் தன்னார்வலர் தன் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்வார். ஆறு மாதத்தில் வேலை மாறிச் சென்னைக்குப் போய்விடுவார். அந்தக் குடும்பம் எண் தெரியாமல் நிற்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். மனு எண், தேதி, கொடுத்த அலுவலகம், அடுத்து எப்போது போக வேண்டும் என்பதை அந்த வீட்டுப் பிள்ளையின் கையாலேயே எழுதவைத்துவிட்டுக் கிளம்புங்கள்.